மெரூன் பொட்டு வைத்த குமிழ்

நவம்பர் 3, ஞாயிறு

என் வாயை யாராவது கேட்டால் இலவசமாகவே கொடுத்துவிடுவேன். அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு போதும்.

இன்று பொள்ளாச்சியில் என் மனைவி கோதையின் பெரியப்பா பேத்திக்குக் கல்யாண வரவேற்பு. மேடையோரம் ஒரு டிஜே. ஊதா விளக்கு, கறுப்புக் கண்ணாடி. மண்டபத்துக்குள் எதற்குக் கண்ணாடி என்று புரியவில்லை. வந்திருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் போட்டிருந்த நகையின் பளபளப்பு தாங்கவில்லையோ என்னவோ. பாட்டுக்குப் பாட்டு நடுவில் "கோயமுத்தூர், கையைத் தூக்கு" என்று கத்தினான். பொள்ளாச்சிக்காரன் எப்படித் தூக்குவான்? ஒருத்தரும் தூக்கவில்லை.

பந்தியில் என் இடது பக்கம் கோதையின் அண்ணன் குழந்தைவேலு மச்சான். அவர் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாராம், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இலையை மடித்துவிட்டு எழுந்தவர், "மாப்ள இப்பெல்லாம் நம்மளோட பேசறதில்லைங்க. பெரிய மனுசன் ஆயிட்டாரு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அவமானத்தை மறைக்க எதையாவது பேச வேண்டுமே. பேசினேன். "பாட்டுப் போடறது என்ன பெரிய வித்தைங்களா மச்சான்? எம்பட பொண்ணு ரிசப்சனுக்கு நானே போடறேன் பாருங்க."

"போடுங்க, போடுங்க. கேக்கறதுக்கு நாங்க இருக்கறம்."

சிரித்துவிட்டுப் போயிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் மிருதுளா கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நெசமாவாப்பா?" என்றாள். கல்யாணம் முடிந்ததும் புனேவுக்குப் போகப்போகிற பெண். அவள் அப்படிக் கேட்டால் பொய் என்று எந்த அப்பன் சொல்வான்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி மாலை, அவள் ரிசப்ஷனில் ஒரு மணி நேரம். தண்டபாணி, வயது ஐம்பத்து நாலு, பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் டெஸ்ட்டிங் செய்து விருப்ப ஓய்வு வாங்கியவன், டிஜே ஆகிறேன்.

நவம்பர் 9, சனி

எதில் பாட்டுப் போடுவது என்பதுதான் முதல் கேள்வி. எனக்கு இசைத்தட்டு மேல் ஆசை. இரண்டு தட்டு சுழல, ஒன்றின் மேல் விரலை வைத்து இழுத்து, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து நிற்கிற என் படத்தை மனசுக்குள் பல கோணங்களில் எடுத்துப் பார்த்துவிட்டேன். ரேஸ் கோர்ஸில் ஒரு வக்கீல் ஒரு ஜோடி டர்ன்டேபிளை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, கோதையையும் அழைத்துக்கொண்டு போனேன்.

வக்கீல் ஒரு தட்டை ஓடவிட்டார். நான் கண்ணை மூடி ரசித்தேன். கோதை இரண்டு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க, இந்தத் தட்டுல நம்ம கும்மிப் பாட்டு இருக்குங்களா?"

இல்லை.

"மேடைக்குப் பக்கத்துல எங்கண்ணன் ஆடுவாருங்க. தொண்ணூத்தெட்டுக் கிலோ. இந்த முள்ளு நிக்குங்களா?"

வக்கீல் முள்ளை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். நல்ல காபி கொடுத்தார்.

கோதையைப் பற்றி இங்கே ஒரு வரி. அவள் வள்ளிக் கும்மி ஆடுகிறவள். வாரம் மூன்று நாள் பச்சைச் சேலையும் காலில் சலங்கையுமாக நாற்பது பெண்களோடு வட்டம் கட்டி ஆடிவிட்டு வந்து, எனக்கு முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். உட்கார்ந்திருந்த எனக்கு.

நவம்பர் 17, ஞாயிறு

சிடி. காரில் இருந்த சிடிப் பையைத் துழாவினேன். பாதி கீறல். மிச்சத்தில் ஒன்றில் என் கையெழுத்தில் "குத்து" என்று மட்டும் இருந்தது. குத்துப் பாட்டு என்று போட்டால் மிருதுளாவின் காதுகுத்து. குத்து என்பதற்கு அப்போது எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்திருக்கிறது.

மச்சான் மடியில் உட்கார்ந்து அவள் அழுகிறாள். மீசை முழுக்கக் கறுப்பாக நான், கேமராவைப் பார்த்து ஏதோ அறிவுரை சொல்கிறேன். சிடியைத் தள்ளி வைக்கத்தான் உட்கார்ந்தோம், முழுதும் பார்த்துவிட்டு எழுந்தோம். கோதை சோபாவில் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்து பார்த்தாள். இடது பக்கம் இடம் தாராளமாக இருந்தது. எதற்கு என்னை நெருக்குகிறாள் என்று தெரியவில்லை.

சிடி வேண்டாம் என்று முடிவு. அழுகை வரும்.

நவம்பர் 24, ஞாயிறு

கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடை. கல்லாவில் பெனாசிர் என்று ஒரு பெண், முப்பது இருக்கும். வார இறுதியில் அவளே நிகழ்ச்சிகளுக்குப் பாட்டுப் போடப் போவாளாம். நான் டிஜே ஆக வந்திருக்கிறேன் என்றதும் சிரிக்கவில்லை. அப்போதே அவளிடம்தான் வாங்குவது என்று தீர்மானித்துவிட்டேன்.

"எதுல பாட்டு வச்சிருக்கீங்ணா?"

போனைக் காட்டினேன். வாட்ஸாப்பில் வந்தவை, நானாகச் சேகரித்தவை, நானூறு பாட்டு. ஒன்றைக் கடையின் ஆளுயர ஸ்பீக்கரில் போட்டாள். பக்கோடா பொரிகிற மாதிரி இருந்தது.

"போன்ல கேட்டா தெரியாதுங்ணா. பெரிய ஸ்பீக்கர் பொய் சொல்லாது."

பாட்டு எத்தனை கைமாறுகிறதோ அத்தனை முறை பிழியப்படுகிறதாம். கோதை உடனே புரிந்துகொண்டாள். "தேங்காப் பால் மாதிரிங்க. நீங்க வச்சிருக்கறது மூணாம் பாலு." வேவ் என்கிற சுருக்காத பதிவு முதல் பால், இடம் நிறைய அடைக்கும். நன்றாகச் செய்த எம்பி3 இரண்டாம் பால், கல்யாணத்துக்குப் போதும். நானூறையும் அங்கேயே அழித்தேன். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களும் சேர்ந்து போயின.

கடைசியில் லேப்டாப்பில் மாட்டுகிற கன்ட்ரோலர் ஒன்று, ஆரம்பக்காரர்களுக்கானது. சுற்றுவதற்கு இரண்டு சக்கரம், ஏகப்பட்ட குமிழ். கூட ஒரு ஹெட்ஃபோன். வீட்டுக்கு வந்ததும் நான் சக்கரத்தைச் சுற்றினேன், கோதை கையேட்டைப் படித்தாள். எங்கள் வீட்டில் வேலைப் பிரிவினை அப்படி. மிக்ஸி வாங்கினாலும் கையேட்டை அட்டையிலிருந்து அட்டைவரை படித்துவிட்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுவாள். கறுப்புப் பொட்டு என்றால் அமுக்கலாம். மெரூன் பொட்டு என்றால் தொடாதே. வாஷிங் மெஷினில், இன்வெர்ட்டரில், பிரிட்ஜுக்குள் எல்லாம் மெரூன் பொட்டு உண்டு. என் மேல் ஒட்டாததுதான் பாக்கி.

டிசம்பர் 1, ஞாயிறு

வித்தை இதுதான். ஊர் கேட்கிற பாட்டை ஒரு காதால் கேட்க வேண்டும். அடுத்து வரப்போகிற பாட்டை ஹெட்ஃபோனில் இன்னொரு காதால் கேட்க வேண்டும். இரண்டின் தாளமும் ஒன்றாகிறவரை சக்கரத்தைத் தள்ளி, பிறகு நைசாக இதை இறக்கி அதை ஏற்ற வேண்டும். மாமியார் பேச்சை ஒரு காதிலும் மருமகள் பேச்சை இன்னொன்றிலும் வாங்கி, இருவரையும் ஒரே காரில் ஏற்றுகிற மாதிரி.

எனக்கு வரவில்லை. காரணம் கண்டுபிடித்துவிட்டேன். ஹெட்ஃபோனில் இடது பக்கம் வேலை செய்யவில்லை. நாளை மாற்ற வேண்டும்.

டிசம்பர் 5, வியாழன்

மாற்றிக் கொடுத்த ஹெட்ஃபோனிலும் இடது பக்கம் அவுட். இந்தக் காலத்துச் சாமான் எதிலும் நாணயம் இல்லை. போன்கூட அப்படித்தான்: வலது காதில் வைத்தால் தெளிவாக இருக்கிறது, இடது காதுக்கு மாற்றினால் டவர் போய்விடுகிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

கொஞ்சம் வம்பு. வேறு யாரும் கிடைக்காததால் என் மனைவியைப் பற்றி.

கல்யாணமான நாளிலிருந்து கட்டிலில் என் இடது பக்கம் படுத்தவள் எப்போதோ வலது பக்கம் மாறியிருக்கிறாள்; இப்போதுதான் கவனித்தேன். ஃபேன் காற்று வரவில்லையாம். நடைப்பயிற்சியில் வண்டி வருகிற பக்கமாக, என் வலப்பக்கமே நடக்கிறாள். சாப்பாட்டு மேசையிலும் நாற்காலி மாறிவிட்டது. வாஸ்து ஜோசியர் யாரையாவது ரகசியமாகப் பார்க்கிறாளோ என்று மிருதுளாவிடம் கேட்டேன். அவள் எழுந்து, "காபி போடட்டுமாப்பா?" என்றாள். தாயும் மகளும் கூட்டு.

இந்த வாரம் மூன்றாவது ஹெட்ஃபோன். பெனாசிர் முகத்தில் எப்படி விழிப்பது.

டிசம்பர் 12, வியாழன்

பெனாசிர் ஹெட்ஃபோனைத் தன் காதில் வைத்துக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்குதுங்ணா" என்றாள். நான் கம்பெனியைத் திட்டினேன். அவள் அதை இடம் வலமாகத் திருப்பி என் தலையில் மாட்டி, பாட்டைப் போட்டாள்.

செத்துப்போயிருந்த பக்கம் வலது காதில் பாடியது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பக்கம் இடது காதில் ஊமையாக இருந்தது.

ஹெட்ஃபோனை மாற்றவில்லை. பஸ் வந்தது, ஏறவில்லை. வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஒன்றும் விசேஷமில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

டிசம்பர் 20, வெள்ளி

ஒரு நண்பருக்காகக் காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். நண்பரின் பெயரும் தண்டபாணிதான்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நண்பர் கேட்காதபோதும் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். பிடித்துவிட்டார்கள். காகிதத்தில் வலது காதின் கோடு அவிநாசி ரோடு மாதிரி நேராகப் போகிறது. இடது காதின் கோடு சிறுவாணி அருவி.

"என்ன வேலை பாத்தீங்க?" என்றார் டாக்டர். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதில் வைத்து, பேரிங் சரியா என்று கேட்கிற வேலை. எந்தக் காதில்? வலது கையில் எழுத வேண்டுமே, அதனால் இடது. "எத்தனை வருசம்?" முப்பது. டாக்டர் பேனாவை மூடினார். நரம்பு போயிற்றாம், பெரும்பாலும் திரும்பாதாம். மெஷின் வைத்துப் பார்க்கலாம், ஆனால் சங்கீதத்துக்கு உதவுமா என்பது சந்தேகம். வலதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நிகழ்ச்சியில் ஒரு மணி நேரம் நிற்கலாமா என்று கேட்டேன். சத்தத்தை அளவாக வைத்து, ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்றால் பரவாயில்லை என்றார்.

இரண்டு காது வேண்டிய வித்தைக்கு நண்பரிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஊரில் அத்தனை பேர் முன்னால் வாய்விட்டவரும் அவரேதான்.

டிசம்பர் 22, ஞாயிறு

மிருதுளாவைக் கூப்பிட்டு, "முதுகு வலி கண்ணு. ஒரு மணி நேரம் நிக்க முடியாது. ரிசப்சனுக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்" என்றேன். "சரிங்கப்பா" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதுதான் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் பொம்மை வாங்கித் தர முடியாது என்றாலும் இப்படித்தான் தலையை ஆட்டுவாள்.

கோதை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மிருதுளா போன பிறகு கேட்டாள்.

"முதுகு எந்தப் பக்கமுங்க வலிக்குது?"

"இடது பக்கம்."

"அதேன் நானும் நெனச்சேன்." கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சுற்றிக்கொண்டு என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். "ரெண்டு வருசமா நான் எதுக்குங்க இந்தப் பக்கமே வர்றேன்? வண்டி மேல மோதி சாகறதுக்கா?"

நான் ஃபேனைப் பார்த்தேன்.

"ஃபேன் காத்தெல்லாம் நல்லாத்தாங்க வருது" என்றாள்.

அப்புறம் இரண்டு பேரும் கீரை ஆய்ந்தோம். சிறுகீரை.

"இத்தன நாள் ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். எனக்குத் தெரிஞ்சதுன்னா நீங்க வெசனப்படுவீங்கல்ல."

அவளுக்கு நான் சொல்லாமல் மறைத்ததும் எனக்கு அவள் சொல்லாமல் மறைத்ததும் ஒரே விஷயம். இருபத்தேழு வருட தாம்பத்தியத்தில் எங்களுக்குள் இவ்வளவு ஒற்றுமை இருந்ததில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

யோசனை கோதையுடையது. ஹெட்ஃபோனை அவள் மாட்டிக்கொள்கிறாள். அடுத்த பாட்டு அவள் காதில். ஊர் கேட்கிற பாட்டு என் வலது காதில். என் இடப்பக்கம் நின்று, தனக்குக் கேட்கிற தாளத்தை என் தோள்பட்டையில் தட்டுகிறாள். தட்டும் பாட்டும் ஒன்றாகிறவரை நான் சக்கரத்தைத் தள்ளுகிறேன். ஒன்றானதும் கிள்ளுகிறாள். கிள்ளல் என்றால் "விடுங்க" என்று அர்த்தம். கிள்ளு மட்டும் கொஞ்சம் பலமாக இருக்கிறது. பழைய கணக்கு ஏதாவது இருக்கலாம்.

முதல் நாள் எட்டு தடவை தப்பு, ஒரு தடவை சரி. அந்த ஒரு தடவை, ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் இறங்கிய இடம் தெரியவேயில்லை. பாலில் டிகாக்‌ஷன் கலக்கிற மாதிரி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே, "இன்னொருக்கா போடுங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

மாலையில் கன்ட்ரோலர் முழுக்கப் பொட்டு ஒட்டிவிட்டாள். ஓட்டுகிற பட்டன்களுக்குக் கறுப்பு. வலது ஓரத்தில் ஒரு சின்னக் குமிழுக்கு மட்டும் மெரூன். எதற்கு என்று கேட்கவில்லை. என் வீட்டில் நான் எதை அனுமதியில்லாமல் தொட்டிருக்கிறேன்.

மிருதுளாவிடம் முதுகு வலி சரியாகிவிட்டது என்றேன். "எண்ணெய் தேச்சீங்களாப்பா?" என்றாள். "தட்டுனோம்" என்றேன்.

ஜனவரி 5, ஞாயிறு

ரிசப்ஷனில் கும்மி கட்டாயம். கோதையின் குழு வருகிறது. கும்மி வாத்தியார் போனில் எடுத்து வைத்திருந்த பதிவு மூன்றாம் பாலில் தண்ணீர் ஊற்றியது. எனவே பெனாசிரிடம் ஒரு ரெக்கார்டரை வாடகைக்கு வாங்கி, அவர்கள் ஆடுகிற மைதானத்துக்குப் போய் நானே வேவில் பதிவு செய்தேன். ஹெட்ஃபோனில் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கோதை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இடது பக்கம் வரலீங்களே" என்றாள்.

"எனக்கு வராது. உனக்குமா வரல?"

"எனக்கும் வரலீங்க."

ரெக்கார்டரில் ஒரு மைக் ஒயரைச் சரியாகச் செருகவில்லை. இடது பக்கம் முழுக்கக் காலி. உலகத்தில் வேறு எந்த டிஜேயும் அதைக் கவனித்திருப்பான். எனக்கு மட்டும் இயல்பாக இருந்தது. "பாத்தியா, இடது பக்கம் அவுட்டுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றேன். கோதை சிரித்த சிரிப்பில் ஹெட்ஃபோன் கழன்று கீழே விழுந்தது. அந்த ஒரு பக்கத்தையே இரண்டு பக்கமும் வருகிற மாதிரி பெனாசிர் மாற்றிக் கொடுத்தாள்.

இன்னொரு விஷயம். தாளம் சேர்ப்பதற்கென்று லேப்டாப்பிலேயே ஒரு பட்டன் இருக்கிறது. சினிமாப் பாட்டுக்கு அது போதும். கும்மியிடம் அது தோற்றது. கும்மி மெதுவாகத் தொடங்கி, பெண்களுக்குச் சூடு ஏற ஏற, யாரையும் கேட்காமல் வேகமெடுக்கிறது. லேப்டாப் எண்ணி எண்ணி ஓய்ந்துவிட்டது. எந்த அடியில் வேகம் கூடும் என்பது கோதையின் காலுக்குத்தான் தெரியும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பொங்கி வரும்போது கோதை என் தோளில் நாலு தட்டுத் தட்டிக் கிள்ளினாள். அடுப்பை அணைத்தேன்.

ஜனவரி 18, சனி

ரெக்கார்டரைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். பெனாசிர் ஆள் இல்லாத நேரம் பார்த்து, என் வலது பக்கமாக வந்து நின்றாள்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. அன்னிக்கே சொல்லோணும்னு இருந்தேன், நீங்க கெளம்பிட்டீங்க. ஒரு காது இருந்தாலே போதுங்ணா." கடையில் இருந்த, என்னுடையதைப் போன்ற இன்னொரு கன்ட்ரோலரைக் காட்டினாள். "இந்தக் குமிழ நடுவுல திருப்பி வச்சா, ஓடற பாட்டும் அடுத்த பாட்டும் ரெண்டுமே ஹெட்ஃபோன்ல ஒரே பக்கம் கேக்கும். ரெண்டு காதும் நல்லா இருக்கறவங்களே நெறயப் பேரு அப்படித்தான் பண்றாங்க. யாரு ஒதவியும் வேண்டாம்."

மாட்டிக் கேட்டேன். உண்மைதான். இரண்டு பாட்டும் ஒரே காதில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

குமிழ் வலது ஓரத்தில் இருந்தது. சின்னது.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மெரூன் பொட்டு.

கையேட்டைத் தேடி எடுத்தேன். பதினோராம் பக்கம், குமிழின் படம், அது என்ன செய்யும் என்று நாலு வரி. பக்கத்தின் ஓரத்தில் கீரைத் தண்ணீர் பட்ட கோதையின் விரல் தடம்.

கோதை உள்ளே கும்மிக்குச் சலங்கை கட்டிக்கொண்டிருந்தாள். "பெனாசிர் என்னங்க சொல்லுச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ரெக்கார்டர் நல்லா இருக்குதுன்னுச்சு."

கையேட்டை எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 1, சனி

இப்போது பத்துக்கு ஒன்பது சரியாக வருகிறது. பத்தாவதில் அவள் கிள்ளுவதற்கு முன்பே விட்டுவிடுகிறேன். என் அவசரப் புத்தி.

மிருதுளா இன்று வாசலில் நின்று நாங்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், வரவில்லை. கண்ணில் தூசி என்று போய்விட்டாள். தூசி இல்லாத வீடு இது. நேற்றுத்தான் நானே பெருக்கினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று முகூர்த்தம், முந்தாநாள் ரிசப்ஷன். இன்றுதான் உட்கார நேரம்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் மேசை. நான் பட்டு வேட்டி, கறுப்புக் கண்ணாடி இல்லை. கோதை அரக்குப் பட்டுச் சேலை, தலையில் மல்லிகைப் பூ, அதன் மேல் ஹெட்ஃபோன். ஒறம்பரையில் பாதிப் பேர் மணமக்களைப் பார்க்காமல் எங்களைத்தான் படம் பிடித்தார்கள்.

மூன்றாவது பாட்டில் குழந்தைவேலு மச்சான் என் இடது பக்கம் வந்து நின்று வாயசைத்தார். மூன்று மாதத்துக்கு முந்தைய முகம். கோதை என்னைப் பார்த்தாள். அவளே சொல்லிவிடுவாள் என்று தெரியும். நானே சொன்னேன்.

"மச்சான், அந்தப் பக்கம் கேக்காதுங்க. அந்தக் காது போயிருச்சு. இந்தப் பக்கம் வாங்க."

தொண்ணூத்தெட்டுக் கிலோவும் அப்படியே நின்றது. பிறகு மேசையைச் சுற்றி வலது பக்கம் வந்தார்.

"பொள்ளாச்சில நான் எந்தப் பக்கமுங்க உக்காந்திருந்தேன்?"

"அந்தப் பக்கம்தானுங்க."

"அட கடவுளே. மூணு மாசமா உங்க மேல காண்டா இருந்தனே மாப்ள."

"என்னதாங்க கேட்டீங்க அன்னிக்கு?"

"உங்க எலைல இருந்த பாதுஷாவத் திங்கறீங்களா, நான் எடுத்துக்கட்டுமான்னு."

"அதுக்கா இத்தன கோவம்?"

"நல்ல பாதுஷாங்க அது" என்றார். பிறகு, "என்ன, தங்கச்சிய அசிஸ்டென்ட்டா வச்சிருக்கீங்க?" என்றார்.

"நான்தானுங்க அசிஸ்டென்ட்டு."

அடுத்தது கும்மி. கோதை தட்டினாள், கிள்ளினாள், விட்டேன். மண்டபத்தில் இருந்த அத்தனை பச்சைச் சேலையும் எழுந்தது. வட்டம் கட்டிவிட்டார்கள். இரண்டு பெண்கள் வந்து, "கோதக்கா, உங்க புள்ள கல்யாணத்துல நீங்க ஆடாம என்னக்கா" என்று அவள் கையைப் பிடித்தார்கள். வட்டத்துக்குள் மணப்பெண் கோலத்தில் மிருதுளாவும் இறங்கிவிட்டாள், அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டுகிறாள்.

கோதை போக மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கால் அதற்குள் ஆடிக்கொண்டிருந்தது.

"போ" என்றேன்.

"கும்மிக்கு அப்புறம் பாட்டு மாத்தோணுமேங்க. அதுதானுங்க கஷ்டமான எடம்."

"போ கோதை. நான் பாத்துக்கறேன்."

ஹெட்ஃபோனைக் கழற்றி என் வலது காதில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். மல்லிகை வாசம் அதில் ஒட்டியிருந்தது.

இப்போது அடுத்த பாட்டு எனக்குக் கேட்கிறது. மண்டபம் அதிர்வாகத் தெரிகிறதே தவிர, தாளம் தெளியவில்லை. கும்மி வேகமெடுக்கத் தொடங்கிவிட்டது என்பது சேலைகள் சுழல்வதில் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். சரியான இடத்தில் விடாவிட்டால் அத்தனை பேரும் தூக்கிய காலோடு நிற்பார்கள். என் மகள் உட்பட.

விரல் வலது ஓரத்துக்குப் போனது. பொட்டின் மேல் நகம் பட்டது. உரித்துவிட்டுத் திருப்பினால் முடிந்தது.

தலையை நிமிர்த்திப் பார்த்தேன். வட்டத்தில் சுற்றி என் எதிரே வந்த கோதை, மற்றவர்கள் மார்புக்கு நேரே கொட்டுகிற கையைத் தன் தலைக்கு மேலே தூக்கி, எனக்குத் தெரிகிற மாதிரி கொட்டினாள். மறுபடியும். மறுபடியும். வட்டம் சுழன்று அவள் முதுகு காட்டியபோது மிருதுளா என் எதிரே வந்தாள். அவளும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கொட்டினாள். அவளுக்கு யார் சொன்னது?

மண்டபத்தின் தாளத்தைக் கண்ணால் வாங்கிக்கொண்டேன். பாட்டின் தாளத்தைக் காதால் வாங்கிக்கொண்டேன். சக்கரத்தை ஒரு துளி தள்ளினேன், இன்னொரு துளி. கோதை மறுபடியும் எதிரே வந்தாள். கொட்டிய கையை இறக்காமல், காற்றில் இரண்டு விரலால் ஒரு கிள்ளு.

விட்டேன்.

ஒரு காலும் தடுமாறவில்லை. கும்மி முடிந்தது யாருக்கும் தெரியவில்லை; ஆடிக்கொண்டே அடுத்த பாட்டுக்குள் போய்விட்டார்கள். மச்சான் குதித்தார். முள் இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை.

இன்று மத்தியானம் மிருதுளா கிளம்பினாள். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்தாள். நேராக என் வலது பக்கம் வந்து, தோளைக் கட்டிக்கொண்டு காதோடு ஏதோ சொன்னாள். எத்தனை வருடமாக அந்தப் பக்கம் வருகிறாள் என்று அப்போதுதான் யோசித்தேன். சொன்னது என்ன என்பதை எழுதப்போவதில்லை. ஒரு சொல் விடாமல் கேட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீடு பெரிதாகிவிட்டது. காது மெஷினுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன். இந்த முறை என் பெயரிலேயே. எங்கள் தெருச் சங்கத்து ஆண்டு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "ஜோடியாத்தான் வரோணும்" என்று செயலாளர் நிபந்தனை போட்டிருக்கிறார்.

மத்தியானம் கன்ட்ரோலரைத் துடைக்க எடுத்தேன். மண்டபத்து வியர்வையில் பசை போய், மெரூன் பொட்டு எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. குமிழ் வெறுமையாக இருந்தது.

படுக்கையறைக் கண்ணாடியில் கோதை ஒட்டிவைத்திருந்த பொட்டு அட்டையிலிருந்து மெரூன் ஒன்றை உரித்து வந்து, அதே இடத்தில் வைத்து, கட்டை விரலால் நன்றாக அழுத்தினேன். நிமிர்ந்தால் கோதை காபியோடு நிற்கிறாள்.

"அது எதுக்குங்க அங்க?"

"தொடக் கூடாதுன்னுதான்."

காபியை மேசையில் வைத்தாள். சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து நின்று, ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.